வழக்கமா குடுக்குற அரை மாத்திரை

ஜூலை 8, திங்கள்

எழுதிட்டு வாங்கன்னு சொன்னாக. எழுதுதேன். ஒண்ணு விடாம எழுதுதேன்.

காலையில பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடத்துலேருந்து போன். "நிரஞ்சனாவோட அம்மாதானே? உடனே வாங்க." கடையை எங்க வீட்டுக்காரவுககிட்ட விட்டுட்டு, போட்ட செருப்போட ஓடுனேன். பன்னெண்டாங்கிளாஸ் படிக்கிற பிள்ளை, என்ன ஆச்சோ ஏதாச்சோ. அங்க போனா, ஹெச்.எம். ரூமுக்கு வெளியே பெஞ்சுல தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா எம்மவ.

கெமிஸ்ட்ரி கிளாஸ்ல தூங்கிட்டாளாம். எழுப்புனா நிக்க முடியலையாம், நாக்கு குழறுச்சாம். உடனே பையைச் சோதனை போட்டாகளாம். ஜாமெட்ரி பாக்ஸ்ல ஒரு பேப்பர் மடிப்பு, அதுக்குள்ள உதிரியா நாலு மாத்திரை.

"உங்க மக போதைக்கு மாத்திரை போடுதான்னு சந்தேகப்படுதோம்" அப்படின்னு அந்த ஹெச்.எம். அம்மா வாய் கூசாம சொல்லுதாக.

எனக்கு வந்துதே கோவம்! "யாரைப் பாத்து என்ன பேச்சு பேசுதீக? நான் பார்மசி படிச்சவ. இருபது வருஷமா மெடிக்கல் நடத்துதேன். கடைக்குப் பேரே நிரஞ்சனா மெடிக்கல்ஸ். எம்மவளுக்குப் போதையா?"ன்னு கேட்டேன். ஆபீஸ் கிளார்க்கெல்லாம் எட்டிப் பாத்தாக. பாக்கட்டும்.

அந்த அம்மா மடிப்பை என் பக்கம் தள்ளுனாக. "நீங்களே பாருங்களேன், உங்களுக்குத் தெரியாததா?"

நான் வாங்கல. எதுக்கு வாங்கணும்? எவளோ எம்மவ பையில போட்டதை நான் எதுக்குத் தொடணும்?

ஒரு வாரம் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டாமாம். மனசு டாக்டர்கிட்டக் காட்டணுமாம். எம்மவளுக்கு என்ன பைத்தியமா? முடியாதுன்னு சொல்லிட்டேன். அப்ப வீட்டுல அவ என்ன சாப்பிடுதா, எப்படித் தூங்குதா, எப்படி இருக்கான்னு தினமும் எழுதிட்டாவது வாங்கன்னாக. மெடிக்கல் ரெப் குடுத்த டைரி சும்மாதான கிடக்கு, இந்தா எழுதியாச்சு.

ராத்திரி தோசை ரெண்டு. வழக்கமா குடுக்குற அரையைக் குடுத்தேன். தூங்கிட்டா.

ஜூலை 9, செவ்வாய்

பத்து மணிக்கு எந்திச்சா. காபி டம்ளரைப் பிடிச்ச கை நடுங்குது. பின்ன நடுங்காம? நேத்து அத்தனை பேரு முன்னாடி பிள்ளையைக் குற்றவாளி மாதிரி உக்கார வச்சாகள்ல. "படபடன்னு வருதும்மா"ன்னா. சத்து டானிக் குடுத்தேன். இட்லி ஒண்ணரை.

அந்த அரை என்னன்னு யாரும் கேட்டா சொல்லணும்ல, அதனால எழுதி வைக்கேன். பத்தாங்கிளாஸ் கணக்குப் பரீட்சைக்கு முத நாளு பிள்ளைக்கு வேர்த்து விறுவிறுத்து வாந்தி. "எல்லாம் மறந்துபோச்சும்மா, நான் செத்துருவேன்ம்மா"ன்னு ஒரே அழுகை. கடையிலேருந்து ஒரு மாத்திரை எடுத்துப் பாதியா ஒடிச்சுக் குடுத்தேன். தூங்கி எந்திச்சுத் தெளிவாப் போயி எழுதுனா. தொண்ணூத்தெட்டு மார்க்கு. எந்த டாக்டர் வந்து இதைச் செஞ்சிருப்பான்? ஊசி போட்டு, ஸ்கேன் எழுதி, ஊரெல்லாம் அலைய விட்டிருப்பானுக.

அதுக்குப் பிறகு பரீட்சைன்னா மட்டும்தான் குடுத்தேன். பதினொண்ணுல நீட் கோச்சிங் சேத்தோம். அங்க வாராவாரம் டெஸ்ட்டு. வாராவாரம் டெஸ்ட்டுன்னா வாராவாரம் பயம். இப்பத் தினமும் டெஸ்ட்டு வைக்கானுக. நான் என்ன செய்ய?

இதை ஹெச்.எம்.முக்குக் காட்டணும்னு ஒண்ணும் அவசியமில்ல. குடுக்கும்போது இந்தப் பக்கத்தைக் கிழிச்சுறணும்.

ஜூலை 10, புதன்

தலைக்குக் குளிக்க வச்சேன். மதியம் தூங்குனா. சாயங்காலமும் தூங்குனா. படிக்கிற பிள்ளை, அசதி இருக்கத்தான் செய்யும்.

ஜூலை 11, வியாழன்

இன்னைக்குக் கதவைச் சாத்திட்டுக் கேட்டேன். "யாருட்டி உனக்கு அந்த மாத்திரையைக் குடுத்தது?"

செவுத்தையே பாக்கா.

"கூடப் படிக்கிறவளா?" இல்ல. "கோச்சிங்ல உள்ள பயலா?" இல்ல. "வேனோட்டியா?" இல்ல. எனக்குப் பொறுமை போயிருச்சு. அப்பதான் சட்டுன்னு ஞாபகம் வந்துச்சு. பள்ளிக்கூடத்துக் கேட்டுல ஒருத்தி தள்ளுவண்டி போட்டிருக்கா. முப்பிடாதின்னு பேரு. உப்பு நெல்லிக்கா, மிளகாப்பொடி போட்ட மாங்கா, இலந்தவடை எல்லாம் விப்பா. பிள்ளைக ஈ மொச்ச மாதிரி மொச்சுக்கிட்டு நிக்கும்.

"அந்தத் தள்ளுவண்டிக்காரியா?"

என்னைப் பாத்தா. பிறகு ஆமான்னு தலையை ஆட்டுனா.

அடிப்பாவி மூதி! ஒரு ரூவா நெல்லிக்கா விக்கிறவளுக்கு இந்த வேலையா! நான் பத்து வீட்டுக்கு ஆஸ்பத்திரி வாசப்படி மிதிக்காம வைத்தியம் பாக்குதேன், இவ என் பிள்ளைக்கே விஷத்தைக் குடுக்கா. அவுககிட்டச் சொன்னேன். "நல்லா விசாரிச்சியா வடிவு?"ன்னு கேக்காக. பெத்தவ நான் கேட்டுப் பிள்ளை தலையாட்டுது, இதுக்கு மேல என்ன விசாரிக்க? இந்த மனுசனுக்குக் கோவம்னு ஒண்ணைக் கடவுள் வைக்கவே இல்ல.

ஜூலை 12, வெள்ளி

செஞ்சுட்டேன். மனசு ஆறிச்சு.

அம்மாமார் வாட்ஸப் குரூப்ல காலையிலயே போட்டேன், "நம்ம பிள்ளைகளைக் காப்பாத்தணும்னா நாலு மணிக்குக் கேட்டுக்கு வாங்க"ன்னு. பதினஞ்சு பேரு எதிர்பாத்தேன், முப்பதுக்கு மேல வந்துட்டாக. மாரிச்செல்விதான் முதல்ல வந்தா. அவ மக மேகலா பத்தாங்கிளாஸ் படிக்கா, நம்ம கடைக்கு ரொம்ப நாளா வாரவ. "யக்கா, இன்னைக்கு அவளை விடக் கூடாதுக்கா"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

முப்பிடாதி முதல்ல சிரிச்சா. "என்ன மெடிக்கல்காரம்மா, கூட்டமா வந்திருக்கீக, நெல்லிக்கா வேணுமா?"ன்னா.

"எம்மவளுக்கு மாத்திரை வித்தியா இல்லையா?"

"மாத்திரையா? நான் மாங்காதான்மா விக்கேன்."

"நடிக்காதட்டி!"ன்னு வண்டியைப் பிடிச்சு ஒரு தள்ளுத் தள்ளுனேன். நான் ஒருத்திதான் தள்ளுனேனா, நாலு பேரு தள்ளுனோமான்னு தெரியல. கண்ணாடிப் பெட்டி விழுந்து நொறுங்குச்சு. உப்புத் தண்ணி ரோடெல்லாம் ஓடுது, நெல்லிக்கா உருளுது. அவ குனிஞ்சு குனிஞ்சு பொறுக்குதா. கண்ணாடிச் சில்லு கையில குத்தி ரத்தம். "எம் பிள்ளைக மேல சத்தியமா இல்லம்மா"ன்னு அவ கத்துனது இப்பவும் காதுல கேக்கு. எவதான் செஞ்சதை ஒத்துக்கிடுவா?

வாட்ச்மேன் வந்து இனிமே இந்தப் பக்கம் வரக் கூடாதுன்னு விரட்டிட்டாரு. யாரோ வீடியோ எடுத்துக் குரூப்ல போட்டாக. "வீரத்தாய்"னு ஒருத்தி போட்டிருக்கா. அறுபத்திரெண்டு பேரு கையெடுத்துக் கும்பிட்டிருக்காக.

வீட்டுல வந்து நிரஞ்சனாகிட்டச் சொன்னேன். சந்தோசப்படுவான்னு நெனச்சேன். பாத்ரூம்ல போயி வாந்தி எடுத்தா.

ஜூலை 13, சனி

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கோயில்ல கொடியேறிட்டு. ஆடிச்சுத்து ஆரம்பம். பொம்பளைக வேண்டுதலுக்குக் கோயிலை நூத்தியெட்டுச் சுத்துச் சுத்திட்டுக் காலை நொண்டிக்கிட்டு நேரா நம்ம கடைக்குத்தான் வாராக. வலி மாத்திரையும் தைலமும் பறக்குது.

அதுல ஒரு எரிச்சல். உறக்க மாத்திரைப் பெட்டி ஒண்ணு புதுசாப் பிரிச்சேன்னு ஞாபகம், பாத்தா பத்துப் பட்டையில நாலுதான் இருக்கு. போன மாசமும் இப்படித்தான், அதுக்கு முந்தின மாசமும் இப்படித்தான். சப்ளை பண்ணுற ஏஜென்சிக்காரன் பெட்டியிலேருந்து உருவிட்டு அனுப்புதான் போல. போனைப் போட்டு வாங்கு வாங்குன்னு வாங்குனேன். "யக்கா, சீல் பிரிக்காத பெட்டிக்கா, நாங்க எப்படிக்கா உருவ முடியும்?"னு கேக்கான். திருட்டுப்பயலுக்குப் பேச்சைப் பாரு.

அவுக பக்கத்துல நின்னு எல்லாத்தையும் கேட்டாக. சாயங்காலம் பாத்தா, அந்த அலமாரிக்குப் புதுப் பூட்டு. வீட்டுல ரெப் குடுத்த சாம்பிள் டப்பாவையும் காணும். சாவி எங்கன்னா, "எங்கிட்ட இருக்கட்டும் வடிவு"ன்னாக.

ஜூலை 14, ஞாயிறு

பெரிய சண்டை. லைசென்ஸ் என் பேருல இருக்கு. செவுத்துல தொங்குற சர்ட்டிபிகேட்டுல என் போட்டோ இருக்கு. என் அலமாரிக்கு எனக்கே பூட்டா? பிள்ளை நேத்து ராத்திரி பொட்டுத் தூக்கம் தூங்கல. அரை குடுங்கன்னு கேட்டா, "வேண்டாம், இனிமே குடுக்கவே வேண்டாம்"ங்காக. ஏன்னு கேட்டா தரையைப் பாக்காக. மனசுல உள்ளதை வாயைத் திறந்து சொன்னாத்தான் என்ன? அடுத்த கடையில போயி நான் மாத்திரைக்கு நிக்கவா? ஊரு சிரிக்காதா?

கோச்சிங் டெஸ்ட்டுக்கு அனுப்புனேன். பாதியில வந்துட்டா.

ஜூலை 15, திங்கள்

ஒரு வாரம் முடிஞ்சு இன்னைக்குப் பள்ளிக்கூடம். கையி காலெல்லாம் உதறுது. சட்டை தொப்பலா நனைஞ்சுட்டு. காத்தாடி சத்தம்கூடக் காதுல இடிக்குங்கா. புதுசாப் போற பயம்னு சொல்லித் தைரியம் குடுத்து அனுப்புனேன். அவுக மேல உள்ள கோவத்துல இன்னைக்குக் குழம்பு வைக்கல, ரசம்தான்.

ஜூலை 16, செவ்வாய்

எழுத முடியல.

ஜூலை 18, வியாழன்

திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில உக்காந்து எழுதுதேன்.

செவ்வாக்கிழமை காலையில அவளுக்கு ரெட்டைச்சடை போட்டுக்கிட்டு இருந்தேன். ஒரு சடை முடிஞ்சு ரிப்பன் கட்டியாச்சு. ரெண்டாவது சடை பின்னும்போது தலை பின்னால இழுத்துச்சு. "அசையாம இருட்டி"ன்னு சீப்பால மண்டையில ஒரு தட்டுத் தட்டுனேன். ஆமா, தட்டுனேன். இதையும் எழுதத்தான் வேணும். அடுத்த நிமிசம் ஸ்டூலோட சரிஞ்சு விழுந்து, கண்ணு மேல சொருகி, உடம்பெல்லாம் வெட்டி வெட்டி இழுக்குது. வாயில நுரை. அவுகதான் ஒருக்களிச்சுப் படுக்கப் போட்டாக. நான் ரிப்பனைக் கையில வச்சுக்கிட்டுக் கத்திக்கிட்டே நின்னேன். இருபது வருஷ அனுபவம் எங்க போச்சோ தெரியல.

ஊர்ல ஒரு ஊசி போட்டு இங்க அனுப்பிட்டாக. வார வழியில இன்னொரு தடவை வந்துச்சு. இங்க ஒரு டாக்டர் அம்மா, ஷெர்லின்னு பேரு, வயசு முப்பதுகூட இருக்காது.

"இதுக்கு முன்னாடி வலிப்பு உண்டா?"

"கிடையாது."

"வழக்கமா ஏதாவது மாத்திரை போடுவாளா?"

"இல்ல டாக்டர்."

"தூக்கத்துக்கு? பயத்துக்கு?"

"சத்து டானிக் மட்டும்தான்"ன்னேன். பிள்ளை அங்க நினைவில்லாமக் கிடக்கு, நான் இங்க பொய் சொல்லுதேன்.

பின்னால இருந்து அவுக குரல். "இருக்கு டாக்டர்." நான் கையைப் பிடிச்சுக் கிள்ளுனேன். கிள்ள கிள்ளச் சொன்னாக. "உறக்க மாத்திரை, தினம் அரை. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. சனிக்கிழமைதான் நான் பூட்டி வச்சேன்."

அந்த அம்மா எழுதுறதை நிப்பாட்டிட்டாக. "வெறும் அரையை நிறுத்துனதுக்கு இப்படி அடுத்தடுத்து வராது. அவ அதுக்கு மேல எடுத்திருக்கணும். எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் நான் சரியா மருந்து குடுக்க முடியும். மூணாவது தடவை வந்தா உயிருக்கு உத்தரவாதம் கிடையாது. சொல்லுங்க, எவ்வளவு?"

அவுகளுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். ஏஜென்சிக்காரனைத் திட்டுன ஒவ்வொரு பட்டையும் எனக்குத் தெரியும். இந்த மாசம் ஆறு, போன மாசம் பதினாறு, அதுக்கு முந்தி ஒம்பது. பட்டையை வெட்டி வித்த மிச்சத் துண்டு போடுற டப்பா வேற. நின்ன இடத்துலயே விரல்விட்டு எண்ணுனேன். என் வாயாலயே சொன்னேன்.

"கடைசியா ஒரு நாளைக்கு அஞ்சாறு இருக்கும் டாக்டர். என் கடையிலேருந்து எடுத்திருக்கா."

"நீங்க மெடிக்கலா?"ன்னு மட்டும் கேட்டாக. வேற ஒண்ணும் கேக்கல. திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

இந்த மாத்திரையைப் பொசுக்குன்னு நிப்பாட்டக் கூடாதுன்னு நான் படிச்ச பாடத்துலயே இருக்கு. அவுகளுக்குத் தெரியாது, பூட்டுனாக. எனக்குத் தெரியும். மூணு நாளு பிள்ளை நடுங்குறதைப் பாத்துட்டு, ரசம் வச்சேன்.

ஜூலை 20, சனி

கண்ணு முழிச்சுப் பேசுதா. கடவுளே.

அவுக டீ வாங்கப் போனப்பக் கேட்டேன். "ஏன்ட்டி எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னேன்லம்மா."

"எப்பட்டி சொன்ன?"

"புத்தகத்தைத் திறந்தாலே படபடன்னு வருதுன்னு எத்தனை தடவை சொன்னேன். நான் டாக்டருக்குப் படிக்கல, எனக்கு முடியலன்னு சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நீ மாத்திரைதான் குடுத்த." கோவமே இல்லாமச் சொல்லுதா, அதான் தாங்க முடியல. "முதல்ல அரையில கேட்டுச்சும்மா. பிறகு கேக்கல. உங்கிட்டச் சொன்னாத் திட்டுவ. ஞாயித்துக்கிழமை கடையில உக்காரும்போது எடுத்துக்கிட்டேன். அது போட்டா ஒண்ணுமே தோணாது. சும்மா இருக்கலாம்."

"பின்ன எதுக்கு அந்த முப்பிடாதி பேருக்குத் தலையாட்டுன?"

"நீதான அந்தப் பேரைச் சொன்ன. இல்லன்னா அடுத்தடுத்துக் கேட்டுக்கிட்டே இருப்ப. உன் பேரை நான் எப்படிம்மா சொல்ல?"

வராந்தாவுல போயி நின்னேன். யார் மேல கோவப்படன்னு தேடுனேன். சாம்பிளை அள்ளிக் குடுத்த ரெப் மேல, தினம் டெஸ்ட்டு வைக்கிற கோச்சிங் மேல, கண்டும் காணாம இருந்த இவுக மேல. எல்லாம் நியாயமான கோவம்தான். ஆனா எங்க சுத்துனாலும் நான்தான் வந்து நிக்கேன். நாசமாப் போனவ, பெத்த பிள்ளை பயந்து அழுதா மடியில போட்டு என்னன்னு கேக்கத் தெரியல, கத்திரியை எடுத்து மாத்திரையை வெட்டத் தெரிஞ்சிருக்கு.

ஜூலை 21, ஞாயிறு

ஊர்ல இன்னைக்கு ஆடித்தபசு. கடை பூட்டியிருக்கு.

ஜூலை 25, வியாழன்

டாக்டர் ஷெர்லின் எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பேசுனாக. மாத்திரையை ஒரேயடியா நிறுத்த முடியாது, மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். வாராவாரம் பிள்ளைகூடப் பேசணும், நாங்களும் வரணும். அவளுக்கு இருக்கிற பயம் ஒரு நோய்தான், சரி பண்ணலாம், படிக்கச் சோம்பல் இல்லன்னாக. மனசு டாக்டர்கிட்டக் காட்டச் சொன்ன ஹெச்.எம். அம்மாவை நான் பேசுன பேச்சு ஞாபகம் வந்து கூசுச்சு.

கடைசியா ஒண்ணு சொன்னாக. "வீட்டுக்குப் போனாலும் மாத்திரையை அவுக அப்பாதான் எண்ணிக் குடுக்கணும். நீங்க தொட வேண்டாம்." டப்பாவை எனக்கு எட்டாம அவுக கையில குடுத்தாக. ஊருக்கே மாத்திரை குடுத்தவ. கன்னத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. அந்த அறையை வாங்கிக்கிட்டேன்.

மதியம் கோச்சிங்லேருந்து போன். "மேடம், நிரஞ்சனா நாலு டெஸ்ட்டு மிஸ் பண்ணிட்டா, ரேங்க் ரொம்ப இறங்கிரும்." பிடிச்சேன் பாருங்க. "ஏம்ப்பா, உங்க டெஸ்ட்டுக்குப் பயந்து எத்தனை பிள்ளைக மாத்திரை போட்டுட்டு வந்து உக்காருதுன்னு என்னைக்காவது கேட்டிருக்கீகளா? ரேங்க்காம் ரேங்க்! எம்மவ இனிமே வர மாட்டா, பேரை அடிச்சுருங்க"ன்னு கத்துனேன். வார்டே திரும்பிப் பாத்துச்சு.

நிரஞ்சனா கட்டில்ல இருந்து பாத்தா. ரொம்ப நாளைக்குப் பிறகு லேசாச் சிரிச்சா. பிறகு சொன்னா, "எம்மா, அந்த நெல்லிக்கா அக்காட்டப் போனியா?"

போகல. அந்த நெனப்பை நான்தான் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன்.

ஜூலை 31, புதன்

நேத்து ஊருக்கு வந்தோம். இன்னைக்குக் காலையில முப்பிடாதி வீட்டுக்குப் போனேன். சின்ன ஓட்டு வீடு. வாசல்ல கண்ணாடியில்லாத வண்டியைச் செவுத்தோட சாத்தி வச்சிருக்கா. ஓட்டலுக்காம், ஒரு மூட்டை பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்தா. உள்ளங்கையில வெட்டுத் தழும்பு.

என்னைப் பாத்ததும் எந்திக்கல. "இன்னும் என்னத்தை உடைக்க வந்தீக?"

எல்லாத்தையும் சொன்னேன். என் கடை மாத்திரை, என் கை குடுத்தது, எம்மவ தலையாட்டுனது பொய், நீ ஒரு பாவமும் செய்யல. சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துட்டு.

"அழாதீக"ன்னா. ஆறுதல் சொல்லுதான்னு நெனச்சேன். "எங்கிட்ட வந்து அழுதுட்டு நீங்க லேசாப் போயிருவீக. எனக்கு என்ன ஆச்சு? மூணு பள்ளிக்கூடத்துல போயி நின்னேன், மூணுலயும் 'நீ அந்த வீடியோல வந்தவதான'ன்னு விரட்டிட்டாக. எம்மவளைக் கட்டிக்கொடுத்த வீட்டுல மாமியார்க்காரி, 'உங்கம்மா கஞ்சா விக்கிறவளாமே'ன்னு கேட்டிருக்கா. மாத்திரை போயி கஞ்சாவாயிட்டு."

"நான் என்ன செய்யணும்னு சொல்லு. வண்டியைப் புதுசாவே செஞ்சு தாரேன்."

"வண்டியை நீங்கதான் செஞ்சு தரணும், அது வேற." பூண்டைக் கீழ போட்டா. "அன்னைக்கு எந்த இடத்துல, எத்தனை பேரு முன்னாடி சொன்னீகளோ, அதே இடத்துல, அத்தனை பேரு முன்னாடி சொல்லுங்க. திங்கக்கிழமை நாலு மணிக்கு. நானும் வருவேன்."

வீட்டுல சொன்னேன். "இருபது வருஷம் வடிவு. லைசென்ஸைப் பிடுங்கிருவாக"ன்னாக.

"பிடுங்கட்டும். பிடுங்க வேண்டியதுதான."

ஆகஸ்ட் 5, திங்கள்

மூணே முக்காலுக்கே போயி நின்னுட்டேன். குரூப்ல "நிரஞ்சனா விஷயமா முக்கியமான சேதி, எல்லாரும் வாங்க"ன்னு மட்டும் போட்டிருந்தேன். அன்னைக்கு வந்ததை விடக் கூட்டம் ஜாஸ்தி. அவுகளும் கடையைப் பூட்டிட்டு வந்து ஓரமா நின்னாக. ஹெச்.எம். அம்மா கேட்டுக்கு உள்ள நின்னாக. முப்பிடாதி துவைச்ச சேலை கட்டிக்கிட்டு, வண்டி நின்ன இடத்துல கையைக் கட்டிக்கிட்டு நின்னா.

ஆரம்பிச்சேன். முன்னால நின்ன நாலு பேருக்குத்தான் கேட்டுச்சு.

"சத்தமா. பின்னால நிக்கிறவுகளுக்குக் கேக்கல"ன்னா முப்பிடாதி.

"எம்மவ போட்ட மாத்திரை இந்த அக்கா வித்தது இல்ல"ன்னேன்.

"இன்னும் சத்தமா."

"இவ ஒரு தப்பும் செய்யல! அது என் கடை மாத்திரை! பரீட்சைப் பயத்துக்குன்னு ஒடிச்சு ஒடிச்சு நான்தான் குடுத்தேன்! எம்மவ சாகக் கிடந்தது என்னால! வண்டியைத் தள்ளுனது நான்! பொய்யின்னு தெரியாமத் தள்ளுனேன், ஆனா தெரிஞ்சுக்கிடணும்னு ஒரு வார்த்தை நான் விசாரிக்கல!"

ரோட்டுல போறவனெல்லாம் நின்னுட்டான். ஒருத்தி போனைத் தூக்கி வீடியோ எடுத்தா, பிறகு என்ன நெனச்சாளோ கையை இறக்குனா. "எடும்மா"ன்னேன். "அன்னைக்குப் போட்ட அதே குரூப்ல இதையும் போடு. எந்தெந்த ஊருக்கு அனுப்புனீகளோ அங்கெல்லாம் அனுப்புங்க."

முப்பிடாதி பக்கத்துல வந்தா. மன்னிச்சேன்னு எல்லாம் சொல்லல. "வண்டி வந்ததும் இங்கனதான் போடுவேன். எவளாவது வாயைத் திறந்தா உங்களுக்குப் போன் பண்ணுவேன். வரணும்"ன்னா. வாரேன்னேன். விறுவிறுன்னு நடந்து போயிட்டா.

பெல் அடிச்சுப் பிள்ளைக வெளிய வர ஆரம்பிச்சுது. கூட்டம் கலையும்னு நெனச்சேன். அன்னைக்கு அத்தனை பேச்சுப் பேசுனவளுக, இன்னைக்கு ஒருத்திகூட ஒரு வார்த்தை பேசல. என்னை ரெண்டு திட்டுத் திட்டலாம், காறித் துப்பலாம், ஒண்ணும் செய்யல. எனக்கு அது ஏன்னு விளங்கல.

மாரிச்செல்வி என் கையைப் பிடிச்சுக் காம்பவுண்டு ஓரமாக் கூட்டிட்டுப் போனா.

"யக்கா, மேகலாவுக்குப் பரீட்சைப் பயத்துக்குன்னு நீங்க பேப்பர்ல மடிச்சுக் குடுப்பீகளே. அதுவும் இதேதானாக்கா?"

"இதேதான்"னேன். "எத்தனை நாளைக்கு ஒருக்கக் குடுக்க?"

"நீங்க சொன்ன மாதிரிதான்க்கா. தினமும்."

"நிப்பாட்டிராத. பொசுக்குன்னு நிப்பாட்டவே கூடாது. நாளைக்குக் காலையில நானே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்"ன்னு சொல்லிட்டுத் திரும்புனேன்.

அவளுக்குப் பின்னால இன்னும் ஏழெட்டுப் பேரு வந்து நின்னாக. ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பாக்காம, வரிசையா நின்னாக.